மீட்டர் பூஜ்யம் காட்டினால் உள்ளே இறங்கலாமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இறக்கும் வேலை. அனுமதிச் சீட்டு எழுதும்போது நானும் அங்கே நின்றிருந்தேன். சூப்பர்வைசர் கேஸ் மீட்டரைத் தொட்டியின் வாயருகே நீட்டிப் பிடித்தார். ஹைட்ரஜன் சல்பைடு 0, எரியும் வாயு 0, ஆக்சிஜன் 20.9 சதவீதம். "சரி, இறங்கலாம்" என்றார். மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்துவிடலாம் என்றேன். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அலாரம் அலற ஆரம்பித்தது. இறங்குவதற்காக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

அன்று மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. அது நீட்டப்பட்ட இடத்தில் இருந்த காற்றைச் சரியாகத்தான் அளந்தது. அந்தப் பையன் சுவாசிக்கப் போகும் காற்று பன்னிரண்டு அடி கீழே இருந்தது. தொழிற்சாலைகளில் கருவிகளை வைத்து ஆபத்தை அளக்கும்போது நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு அடியில் இதுதான் கிடக்கிறது: ஆள் எங்கே, எவ்வளவு நேரம், எதைச் சுவாசிக்கிறார் அல்லது கேட்கிறார் என்று பார்க்காமல் கருவி எதைக் காட்டுகிறது என்று மட்டும் பார்ப்பது.

தொட்டி வாயில் அளப்பதும் அவசரமாக அளப்பதும்

வாயுக்கள் எல்லாம் ஒரே உயரத்தில் தங்குவதில்லை. மீத்தேன் காற்றைவிட ஏறக்குறைய பாதி எடைதான், மேலே ஏறும். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்டக் காற்றின் எடையே. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கொஞ்சம் கனமானது, கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை மடங்கு கனம். இரண்டும் காற்றோட்டமில்லாத தொட்டியில் அடியில் படுத்துக்கொள்ளும். அதனால்தான் மேல், நடு, அடி என்று நிறுத்தி நிறுத்தி அளக்க வேண்டும். ஏறக்குறைய நாலு அடிக்கு ஒருமுறை நிறுத்துவது நல்ல பழக்கம். பார்க்கும் வரிசையும் முக்கியம்: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, அப்புறம் நச்சு வாயு. ஏன் ஆக்சிஜன் முதலில் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடிவரை இறக்குகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். கிணற்றில் வாளி விடுவதுபோல மீட்டரைச் சரசரவென்று இறக்கி உடனே இழுத்துவிடுகிறார்கள். சென்சார் வாயுவை உணர்ந்து முழு அளவைக் காட்ட அரை நிமிடம்வரை ஆகும். பம்பும் குழாயும் வைத்து உறிஞ்சும் மீட்டர் என்றால், காற்று குழாய் முழுக்க நடந்து வந்து சேரும் நேரத்தையும் இதோடு கூட்ட வேண்டும். ஒவ்வொரு ஆழத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். கயிற்றில் கட்டி இறக்கினால், மேலே இழுத்த பிறகு திரையில் தெரிவது மேலே இருக்கும் காற்றின் அளவு. உள்ளே இருந்தபோது பதிவான உச்ச அளவை மீட்டரின் நினைவிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல மீட்டர்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு, ஆனால் அந்தப் பொத்தான் எது என்று பலருக்கும் தெரிவதில்லை.

காலையில் ஒருமுறை அளந்து சீட்டில் எழுதிவிட்டால் மாலைவரை செல்லும் என்று நினைப்பது இன்னும் மோசம். தொட்டியடியில் இருக்கும் சேற்றுக்குள் ஹைட்ரஜன் சல்பைடு அடைபட்டுக் கிடக்கும். மண்வெட்டியை வைத்துக் கிளறும் கணத்தில்தான் அது வெளியே வரும். இறங்குவதற்கு முன் பூஜ்யமாக இருந்த இடம், வேலை ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் ஆளை விழவைக்கும். உள்ளே இருப்பவரின் சட்டையில், நெஞ்சுப் பக்கம், மூக்குக்கு அருகில் மீட்டர் தொங்க வேண்டும். இடுப்பு பெல்ட்டிலோ ஏணிப் படியிலோ வேண்டாம்.

"நாற்றம் அடிக்கவில்லை, அதனால் பயமில்லை" என்ற பேச்சை அனுபவசாலிகளிடம்கூடக் கேட்டிருக்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் ஒரு பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழேயே தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றது வாயு போனதால் என்று நினைத்து இறங்குபவர் மேலே வருவதில்லை. அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். இப்படி ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் போன செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 36-ஆம் பிரிவில் இதைப் பற்றி அழகாக ஒரு வரி எழுதப்பட்டது. மூச்சுக் கருவி அணியாமல் ஒருவர் இறங்க வேண்டுமானால், தகுதியுள்ள நபர் தாமே சோதித்துப் பார்த்து, அதன் அடிப்படையில் எழுத்தில் சான்று தர வேண்டும் என்றது அது. 'தாமே' என்பதுதான் அதில் உயிரான சொல். மேஜையில் உட்கார்ந்தபடி, வேறொருவர் சொன்ன எண்ணைக் கேட்டுக் கையெழுத்துப் போடுவது எந்தக் காலத்திலும் முறையாக இருந்ததில்லை. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ஆள் இறங்கித்தான் ஆக வேண்டுமா என்பது. மேலிருந்தே உறிஞ்சும் வண்டி கிடைக்குமென்றால் இந்த அளவீடே தேவைப்படாது.

செத்த சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும்

வாயு இல்லாவிட்டாலும் பூஜ்யம், சென்சார் செத்துப்போயிருந்தாலும் பூஜ்யம். திரையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எரியும் வாயுவை அளக்கும் பழைய வகைச் சென்சாருக்குள் பாசிமணி போல ஒரு சின்ன மணி இருக்கும். வாயு அதன் மேல் எரிந்து உண்டாகும் சூட்டை வைத்துத்தான் அளவு தெரிகிறது. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே பக்கத்தில் பட்டாலே அந்த மணி நஞ்சேறிச் செயலிழக்கலாம். அதன் பிறகும் மீட்டர் எப்போதும்போல ஆன் ஆகும், பேட்டரி முழுதாக இருக்கும், காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஸ்டிக்கரில் அடுத்த தேதிக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி பம்ப் டெஸ்ட் (bump test, உறிஞ்சும் பம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அளவு தெரிந்த வாயு அடைத்த சின்ன சிலிண்டரிலிருந்து சில விநாடிகள் மீட்டருக்குக் காட்டி, எண் ஏறுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும், இரண்டு நிமிட வேலை. சிலிண்டர் விலை அதிகம் என்று சிகரெட் லைட்டரைத் திறந்து காட்டிச் சோதிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். லைட்டரிலிருந்து வரும் அடர்த்தியான வாயு சென்சாரையே கெடுக்கும். ஹைட்ரஜன் சல்பைடு சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பதும் அதனால் தெரியாது. சிலிண்டர் வாங்கினாலும் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு கலந்தது வேகமாக வீரியம் இழக்கும்.

இன்னொன்று, பூஜ்யப்படுத்தும் இடம். மீட்டரை ஆன் செய்து ஜெனரேட்டர் பக்கத்திலோ ஃபோர்க்லிஃப்ட் புகைக்கு நடுவிலோ நின்றபடி 'ஜீரோ' கொடுத்தால் என்ன ஆகும்? அங்கே 20 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருந்தால், அந்த 20-ஐத்தான் மீட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அன்று முழுக்க ஒவ்வொரு எண்ணிலும் 20 குறைத்தே காட்டும். திறந்த வெளிக்குப் போய் நல்ல காற்றில் நின்று கொடுங்கள்.

எண் சரி, ஆனால் எதைப் பற்றிய எண்?

நாலு வாயு மீட்டரில் எல்இஎல் என்று ஒரு கட்டம் இருக்கும். வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் காற்றில் இருக்கிறது என்பதுதான் அது. வழக்கமாக 10 சதவீதத்தில் அலாரம் அடிக்கும்படி வைத்திருப்பார்கள். பெயின்ட், தின்னர், பசை புழங்கும் இடங்களில் இந்தக் கட்டம் 1 காட்டினால் யாரும் கவலைப்படுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தின்னரில் இருக்கும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவி காற்றில் 1.1 சதவீதம், அதாவது 11,000 பிபிஎம் அளவில் வெடிக்கக்கூடியதாகிறது. அதில் ஒரு சதவீதம் என்றால் 110 பிபிஎம். எட்டு மணி நேரச் சராசரியாக நம் தொழிற்சாலைச் சட்ட அட்டவணை டொலுயீனுக்கு அனுமதித்ததே 100 பிபிஎம்தான். மீட்டர் 1 காட்டும்போதே சுவாசிக்கும் ஆளுக்கு வரம்பு தாண்டிவிட்டது, அலாரம் அடிக்க இன்னும் பத்து மடங்கு பாக்கி. அதோடு மீத்தேனுக்கு காலிபரேட் செய்த மீட்டர் டொலுயீன் போன்ற கனமான ஆவிகளைக் குறைத்தே காட்டும். கையேட்டில் இருக்கும் திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். தீ பிடிக்குமா என்று கேட்கும் கருவியிடம் நுரையீரலைப் பற்றிக் கேட்கக் கூடாது. அதற்குத் தனி மீட்டரோ, நிறம் மாறும் கண்ணாடிக் குழாயோ வேண்டும்.

ஆக்சிஜனை முதலில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம், அந்தச் சின்ன மணியின் மேல் வாயு எரிய ஆக்சிஜன் வேண்டும். தொட்டிக்குள் ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்தால் மீத்தேன் நிறைய இருந்தும் எண் குறைவாகவே காட்டும். ஆக்சிஜன் எண்ணையும் அலாரத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். அலாரம் 19.5-இல்தான் அடிக்கும். 19.9 என்று காட்டினால் 'இன்னும் இருக்கிறதே' என்று விட்டுவிடுகிறார்கள். ஆக்சிஜன் ஒரு சதவீதம் குறைய, காற்றில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கை வேறு ஏதோ வாயு வெளியே தள்ளியிருக்க வேண்டும், அதாவது 50,000 பிபிஎம்முக்குக் கொஞ்சம் கீழே. துருவும் கிருமிகளும் ஆக்சிஜனைத் தின்றிருந்தாலும் குறையும்தான். எதனால் என்று தெரியாமல் ஆளை இறக்க முடியாது.

பேட்டரி சார்ஜ் செய்யும் அறையில் இதற்கு நேர்மாறான குழப்பம். அங்கே வெளியாகும் ஹைட்ரஜனைப் பல கார்பன் மோனாக்சைடு சென்சார்கள் தங்கள் வாயு என்று எடுத்துக்கொண்டு அலறும். 'பொய் அலாரம்' என்று அணைத்துவிடுகிறார்கள். ஹைட்ரஜன் சேர்கிறது என்பதே அங்கே பெரிய எச்சரிக்கை.

சத்தத்தின் கணக்கு

விசைத்தறிக் கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நம் தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்ய அனுமதித்தன. ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 95-இல் 4 மணி, 100-இல் 2 மணி, 105-இல் ஒரு மணி. பள்ளிபாளையத்திலும் சோமனூரிலும் பல கூடங்களில் ஷிப்ட் 12 மணி நேரம். அங்கே போய் 89 அளந்துவிட்டு 'வரம்புக்குள்' என்று எழுதுவது தவறு. அதே கணக்கின்படி 12 மணி நேரத்துக்கு வரம்பு 87-தான் வரும்.

டெசிபலைச் சாதாரண எண்போலக் கூட்டிச் சராசரி எடுப்பதும் அடிக்கடி பார்க்கும் பிழை. அரை நாள் 80, அரை நாள் 100 என்றால் சராசரி 90 என்று எழுதிவிடுவார்கள். சத்தத்தின் ஆற்றலை வைத்துக் கணக்கிட்டால் 97 வரும். விதியின்படி பார்த்தாலும், 2 மணி நேரமே அனுமதித்த 100 டெசிபலில் அந்த ஆள் 4 மணி நேரம் நின்றிருக்கிறார், இரட்டிப்பு அளவு.

தறி ஓட்டுபவர் ஒரே இடத்தில் நிற்பதில்லை, நாலு தறி, எட்டு தறி என்று சுற்றிக்கொண்டே இருப்பார். கூடத்தின் நடுவில் மீட்டரைப் பிடித்தால் அவர் காது கேட்டது தெரியாது. கேட்ட சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும், தோளில் மாட்டும் டோசிமீட்டரை முழு ஷிப்டும் போட்டுவிடுவதே சரி. அது இல்லையென்றால் மைக்கை அவர் காதருகே பிடித்து, மீட்டரில் 'ஏ' எடையும் (காது கேட்கும் விதத்துக்கேற்ற அமைப்பு) 'ஸ்லோ'வும் (எண் மெதுவாக மாறும் அமைப்பு) வைத்து, அவர் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் காலிபரேட்டரில் சரிபாருங்கள். கைபேசி ஆப் எங்கே சத்தம் அதிகம் என்று தேட உதவும். பதிவேட்டில் எழுத உதவாது.

தூசும் வெப்பமும்

ஸ்பின்னிங் மில்லில் ஒளியை வைத்துத் தூசு அளக்கும் சின்ன மீட்டரைக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நூல் அறாமல் இருக்க அங்கே ஈரப்பதத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். அந்தத் துளிகளையும் மீட்டர் தூசாகவே எண்ணும். பஞ்சுத் தூசுக்கென்று வடிகாகிதத்தில் பிடித்து எடைபோடும் முறை இருக்கிறது, அதுதான் கணக்கு. கல் குவாரியிலும் வார்ப்படத்திலும் சிலிக்கா பிடிக்கும் பம்பின் ஓட்டத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். ஓட்டம் குறைந்தால் நுரையீரலுக்குள் போகாத பெரிய துகளும் காகிதத்தில் வந்து சேர்ந்து எடையைக் குழப்பிவிடும்.

வெப்பத்துக்குச் சாதாரண தெர்மாமீட்டர் போதாது. வியர்வை ஆவியாகிறதா என்பதுதான் உடலைக் காப்பாற்றும் விஷயம், அதனால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத் திரி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) வேண்டும். ஈரக்குமிழின் திரி காய்ந்திருந்தாலோ அழுக்கேறியிருந்தாலோ, எண் உண்மைக்கு மாறாகத்தான் வரும். சுற்றியிருக்கும் சூடான பரப்புகளின் கதிர்வீச்சை அளக்கும் கறுப்பு உருண்டை சூட்டை ஏற்றுக்கொள்ள இருபது நிமிடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். பாய்லர் பக்கம் அளக்கப் போனவர்கள் சூடு தாங்காமல் ஐந்தே நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அந்தச் சூட்டிலேயே ஒருவர் நாள் முழுக்க நிற்கிறார் என்பதை மறந்து.

கடைசியாகப் பதிவேடு. 'கேஸ் டெஸ்ட் ஓகே' என்று எழுதிய பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த மீட்டர், அன்று பம்ப் டெஸ்ட் செய்ததா, எந்த ஆழம், எத்தனை மணி, என்ன எண், அந்த நேரத்தில் காற்று ஊதும் விசிறி ஓடியதா என்று எழுதுங்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை இறங்கப் போகிறவரிடம் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துச் சொல்லுங்கள். மீட்டரை அவர் கையில் கொடுத்து, அலாரம் எப்படிச் சத்தம் போடும் என்று ஒருமுறை கேட்கவைத்துவிட்டு இறக்குங்கள்.