காட்டுக் குடுவைச் செடியில் புது நிறம் தெரிந்தால் என்ன செய்வது? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

பச்சைக் குடுவைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் ரத்தச் சிவப்பாகத் தொங்கினால் மனம் உடனே "அரிய வகை!" என்று துள்ளும். அந்தத் துள்ளல் நல்லதுதான், அது இல்லாமல் யாரும் சேற்றில் இறங்கிச் செடி பார்க்கப் போவதில்லை. ஆனால் இலை நுனியில் பூச்சி பிடிக்கும் குடுவைகளைத் தொங்கவிடும் இந்த நெப்பந்தஸ் குடும்பத்தில் நிறம் வயதுக்கும் வெளிச்சத்துக்கும் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கும். உண்மையான வேறுபாட்டைக் கண்டுபிடிக்க, முதலில் சாதாரணக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட வேண்டும். நான் பின்பற்றும் வரிசை இது.

படி 1: இனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எது வழக்கமான நிறம் என்று தெரியாமல் எது விலகல் என்று சொல்ல முடியாது. போகும் இடத்தில் எந்த இனங்கள் வளர்கின்றன என்று முன்பே பாருங்கள். இந்தியாவில் காட்டில் வளர்வது ஒரே இனம்: மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா. இலங்கையிலும் ஒன்றுதான்: நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியா. இந்த இரண்டு இடங்களிலும் குழப்பம் குறைவு. போர்னியோ, சுமத்ரா, மலேசியத் தீபகற்பம் என்று போனால் ஒரே சதுப்பில் மூன்று நான்கு இனங்கள் சேர்ந்து வளரும், அவை தமக்குள் கலந்தும்விடும்.

இந்தக் கலப்பைத்தான் பலர் நிற வேறுபாடு என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். நெப்பந்தஸ் இனங்களான ஆம்புல்லாரியாவும் ராஃப்லேசியானாவும் கலந்து பிறப்பது ஹூக்கரியானா. ஆம்புல்லாரியாவும் கிராசிலிஸ் என்ற இன்னொரு இனமும் கலந்தால் ட்ரைக்கோகார்ப்பா. எனவே நிறத்தோடு வடிவமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் அகலம், வாய் விளிம்பின் தடிமன், குடுவையின் உருண்டை இவையெல்லாம் இரண்டு இனங்களுக்கு இடைப்பட்டதாகத் தெரிந்தால், அது கலப்பினமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 2: கீழ்க்குடுவையா, மேல்குடுவையா?

ஒரே செடி இரண்டு விதமான குடுவைகளை விடும். தரையருகே வருபவை பருத்து, முன்பக்கம் மயிர் வைத்த இரண்டு சிறகுகளோடு, பெரும்பாலும் அழுத்தமான நிறத்தில் இருக்கும். கொடி ஏறிய பிறகு வருபவை புனல் போல நீண்டு வெளிறியிருக்கும், அவற்றின் பற்றுக்கம்பி சுருண்டு எதையாவது பிடித்திருக்கும். ராஃப்லேசியானாவில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்: கீழே கருஞ்சிவப்புத் திட்டுகள், மேலே வெளிர்பச்சை. செடி ஒன்றுதான். ஆகவே கீழ்க்குடுவையைக் கீழ்க்குடுவையோடும், மேல்குடுவையை மேல்குடுவையோடும் மட்டுமே ஒப்பிடுங்கள்.

படி 3: குடுவையின் வயது

மூடி இப்போதுதான் திறந்த குடுவை வெளிறித் தெரியும். விளிம்பு விரிந்து நிறம் ஏற இன்னும் சில நாட்கள் ஆகும். முதிர்ந்தது மூடியிலிருந்து பழுப்பேறத் தொடங்கும். நடுவயதுக் குடுவைதான் நம்பத்தக்கது: விளிம்பு முழுதும் விரிந்து, திசு விறைப்பாக, காய்ந்த ஓரம் இல்லாமல் இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடியிருக்கும் குடுவையை விரலால் பிளந்து "உள்ளே என்ன நிறம்" என்று பார்க்காதீர்கள். அந்தக் குடுவை அதோடு கெட்டுவிடும். காத்திருங்கள், தானே திறக்கும்.

படி 4: வெளிச்சம்

மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி, வெயில் கூடினால் அதுவும் கூடும். ஒரு மரம் சாய்ந்து வெயில் இறங்கிய இடத்தில் கிராசிலிஸ் சிவந்து நிற்கும், பத்தடி தள்ளி நிழலில் அதே இனம் பச்சையாக இருக்கும்.

சோதிக்க எளிய வழி: சிவந்த செடிக்குப் பக்கத்தில், அதே அளவு வெயில் படும் செடிகளைப் பாருங்கள். எல்லாம் சிவந்திருந்தால் காரணம் வெயில். ஒரே வெயிலில் ஒன்று சுத்தப் பச்சையாகவும் பக்கத்துச் செடி கருஞ்சிவப்பாகவும் நின்றால், அங்கே உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஆம்புல்லாரியாவைப் பழகுவதற்கு ஏற்ற இனம் என்பேன். உதிர்ந்த இலைகளையும் வாங்கி உணவாக்கிக்கொள்ளும் இந்தச் செடி, காட்டுத் தரையில் சின்னச் சின்னக் குண்டுக் குடுவைகளைக் கொத்துக் கொத்தாகப் பரப்பும். முழுப் பச்சை, பச்சையில் சிவப்புப் புள்ளி, சிவந்த உடலில் பச்சை விளிம்பு, பச்சை உடலில் சிவந்த விளிம்பு என்று அதில் பல வடிவங்கள் உண்டு. உடல், விளிம்பு, மூடி மூன்றும் தனித்தனியாக நிறம் மாறும் என்பதை அங்கே கண்ணால் கற்றுக்கொள்ளலாம்.

படி 5: படமும் குறிப்பும்

காட்டின் உள்ளே இலைகளில் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சை கலந்தது, சிவப்பைப் பழுப்பாகக் காட்டும். குடுவைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுங்கள், பிறகு நிறத்தைச் சரிபார்க்க அந்தத் தாள் கைகொடுக்கும். சூரியனைக் குடுவைக்குப் பின்னால் வைத்து எடுக்காதீர்கள். ஒளி ஊடுருவி, இல்லாத சிவப்பை உண்டாக்கிவிடும். மேகம் மூடிய நேரம் எனக்குப் பிடித்தது.

முழுச்செடி, கீழ்க்குடுவை, மேல்குடுவை, விளிம்பு, மூடியின் அடிப்பக்கம், குடுவையின் உட்சுவர், இலை: இவ்வளவுக்கும் படம் வேண்டும். குறிப்பேட்டில் தேதி, வெயிலின் அளவு, எத்தனை குடுவைகளில் அந்த நிறம், சுற்றி எத்தனை செடிகளில் அது இல்லை என்று எழுதுங்கள். கடைசியில் சொன்ன எண்ணிக்கையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாமல் அந்த நிறம் அரிதா பொதுவா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

நம் கண்ணுக்குத் தெரியாத நிறமும் உண்டு. கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள், காசியானாவின் விளிம்பு புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதை 2013இல் வெளியிட்டார்கள். அந்தச் செடியை நான் பார்க்கும் விதமே அதற்குப் பிறகு மாறிவிட்டது.

படி 6: இடத்தை மறையுங்கள்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வித்தியாசமான நிறம் என்றாலே தோண்டி எடுத்து விற்க ஆள் இருக்கிறது. காசியானாவும் நெப்பந்தஸ் ராஜா என்ற இனமும், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளன, மற்ற நெப்பந்தஸ் இனங்கள் எல்லாம் இரண்டாம் பட்டியலில். சட்டம் இருந்தும் செடிகள் திருட்டுப் போகின்றன. படத்தைப் பகிரும் முன் கைப்பேசி அதில் பதித்த இருப்பிடத் தகவலை நீக்குங்கள். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். பின்னணியில் மலைமுகடு, பெயர்ப்பலகை போன்ற அடையாளங்கள் விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள். விதையோ துண்டோ எடுக்க வேண்டாம். நிற்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள், பாசிக்குள் நாற்றுகள் நகத்தளவே இருக்கும்.

படி 7: திரும்பிப் போங்கள்

சில மாதம் கழித்து அதே செடியைப் பாருங்கள். புதிதாக வந்த குடுவைகளும் அதே நிறத்தில் இருக்கின்றனவா? நிழல் மாறியும் நிறம் மாறவில்லையா? ஆம் என்றால் குறிப்பேட்டில் பழைய பக்கத்துக்குக் கீழேயே புதுத் தேதியைப் போட்டு, "நிறம் நிலைத்திருக்கிறது" என்று எழுதுங்கள். இல்லை என்றால் எந்தக் குடுவையில் எப்படி மாறியது என்று எழுதுங்கள். அப்புறம், பக்கத்துச் செடிகளை மறுபடியும் எண்ணுங்கள்.