கோம்பைக் குட்டிக்கு மோப்பம் பழக்குவது

கோம்பை, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன தமிழ்நாட்டு நாய் இனம். ஆனால் அனுமதியில்லாமல் காட்டுப்பன்றி வேட்டை குற்றம். சென்னையில் மோப்பம் பழக்க, பன்றி வாசனைக்குப் பதில் கோழி ஈரலே தாராளம். நான்கு மாதக் குட்டியிலேயே தொடங்கலாம்.

விடிகாலை, புல்லில் ஈரம் காயுமுன், ஈரலைத் துணியில் முடிந்து 20 மீட்டர் நேராக இழுத்துப் போங்கள். காற்று உங்கள் முதுகில் அடிக்கட்டும். எதிர்க்காற்றானால் குட்டி தலையைத் தூக்கி வாசனை பிடித்துக் குறுக்கே ஓடும், தரையை முகராது. முடிவில் ஒரு ஈரல் துண்டு.

10 நிமிடம் கழித்து, மார்புப் பட்டையில் 5 மீட்டர் கயிறு கட்டி விடுங்கள். கழுத்துப்பட்டை இறுக்கும், வேண்டாம். தடம் தவறினால் கையால் காட்டாதீர்கள். அப்புறம் மூக்கை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கும். அதுவே வட்டமடித்துத் தேடட்டும். வளைவெல்லாம் பிறகு.

தேடியதைக் கண்டதும் பாயாமல் குரைத்து நிற்கப் பழக்க, ஈரல் துணியைக் கம்பிக் கூண்டுக்குள் வையுங்கள். குரைத்தால் தீனி; பிறாண்டினால் கிடையாது. வெயில் ஏறினால் அன்றைக்கு அவ்வளவுதான்.