பழைய டை காஸ்டிங் மெஷினில் இன்டென்சிஃபயரை எளிமையாக்குவது எப்படி?

காஸ்டிங் வெளியே பளபளவென்று இருக்கும். மெஷினிங் முடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றடித்தால் குமிழி குமிழியாக வரும். அலுமினியம் பிரஷர் டை காஸ்டிங் செய்யும் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது. அறுத்துப் பார்க்கும்போது துளை உருண்டையாக, உள்ளே வழவழப்பாக இருந்தால் அது மாட்டிக்கொண்ட காற்று. தடிமனான இடத்தில் மட்டும், கரடுமுரடான ஓரத்தோடு இருந்தால் உலோகம் உறைந்து சுருங்கும்போது ஈடுகட்ட வேண்டிய அழுத்தம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். இந்தப் பதிவு இரண்டாவது வகைக்காரர்களுக்கு.

கோவைப் பக்கம் பம்ப் பாகங்கள் ஊற்றும் சின்ன யூனிட்டுகளில் பழைய கோல்ட் சேம்பர் மெஷின்கள் (உருகிய உலோகத்தைத் தனியாக அள்ளி ஊற்றும் வகை) நிறைய ஓடுகின்றன. நான் பராமரிப்பு பார்க்கும் 250 டன் மெஷினும் அந்த ரகம்தான். அதன் பூஸ்டர் (இன்டென்சிஃபயரைத்தான் அப்படிச் சொல்வோம், டை நிரம்பியதும் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும் சிலிண்டர்) பக்கம் திரும்பினாலே பயமாக இருக்கும்: தனியாக ஒரு குட்டிப் பம்ப், சீக்வென்ஸ் வால்வு, எண்ணெய் ஓட்டத்தைக் குறைக்க வரிசையாக இரண்டு திராட்டில், ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் விடும் செக் வால்வு ஹோஸில் தொங்கும். எது எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை. அதைப் பிரித்துக் குறைத்த முறையைத்தான் எழுதுகிறேன். பிளஞ்சர் என்ற தண்டு உலோகத்தை டைக்குள் தள்ளுவதில் மெதுவான ஷாட், வேகமான ஷாட், மூன்றாவதாக அழுத்தம் ஏற்றுவது என்ற வரிசை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கணக்கு

ஷாட் சிலிண்டர் 100 மிமீ, பிளஞ்சர் 60 மிமீ. விட்டங்களின் வர்க்க விகிதம் 2.78. எண்ணெய் 120 பார் என்றால் உலோகத்தின் மேல் சுமார் 333 பார்தான், லீக் டெஸ்ட் உள்ள பாகத்துக்கு இது பத்தாது. இன்டென்சிஃபயரின் பெரிய பிஸ்டன் 140 மிமீ, சின்ன முனை 100 மிமீ, அதாவது 1.96 மடங்கு. ஆக எண்ணெய் 235 பார், உலோகத்தில் சுமார் 650 பார். இது போதும்.

அப்புறம் லாக்கிங், அதாவது டையை மூடிப் பிடிக்கும் விசை. 250 டன்னை 650 பாரால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்குத் தள்ளினால் ரன்னர் (உலோகம் ஓடும் வழி), பிஸ்கட் (பிளஞ்சர் முன்னால் மிஞ்சும் உலோகம்) எல்லாம் சேர்த்து 300 சதுர செமீ வரைக்கும்தான் இந்த மெஷின் தாங்கும். உங்கள் டை அதற்கு மேல் என்றால் இங்கேயே நின்றுவிடுங்கள். பூஸ்டரைச் சரிசெய்தால் டை இடுக்கு வழியே ஃபிளாஷ்தான் பறக்கும்.

படி 2: அழுத்தத்தை இறக்குங்கள்

மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். அக்குமுலேட்டரின் (ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய் என்று அழுத்தத்தைச் சேமிக்கும் கலன்) எண்ணெயை டேங்குக்கு இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகும் ஒரு பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து பாருங்கள். பழைய கேஜ் பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். எண்ணெய் இறங்கினாலும் வாயு அப்படியேதான் இருக்கும், அதனால் அக்குமுலேட்டரின் உடம்பில் வெல்டிங், டிரில்லிங் கூடவே கூடாது.

நைட்ரஜன் அளவையும் இப்போதே பாருங்கள், எண்ணெய்ப் பக்கம் காலியாக இருக்கும்போதுதான் அது சரியாகத் தெரியும். 120 பாரில் வேலை செய்வதற்கு 100 பார் அளவில் வைக்கிறேன். 30 டிகிரியில் 100 பார் ஏற்றியது 50 டிகிரியில் ஏறக்குறைய 107 காட்டும், கூடிவிட்டது என்று வெளியே விட்டுவிடாதீர்கள். நைட்ரஜன் பாட்டில் தீர்ந்துவிட்டால் அடுத்த பாட்டில் வரும் வரை மெஷின் நிற்கட்டும். அழுத்தக் காற்றோ ஆக்சிஜனோ எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

படி 3: எதைத் தூக்குவது, எதை வைப்பது

குட்டிப் பம்பைத் தூக்கிவிடலாம். அழுத்தம் ஏறும் அந்தக் கண நேரத்தில் பெரிய பிஸ்டனுக்குள் எண்ணெய் நிமிடத்துக்கு 340 லிட்டர் வேகத்தில் போக வேண்டும். எந்தக் குட்டிப் பம்பும் அதைத் தராது, தருவது பூஸ்டருக்கென்று உள்ள தனி அக்குமுலேட்டர்தான். மெயின் பம்ப், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு ரெடியூசிங் வால்வு, ஒரு செக் வால்வு இருந்தால் ஷாட்டுக்கு ஷாட் அதை நிரப்பிவிடும்.

ஷாட் அக்குமுலேட்டரையே பூஸ்டருக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். வேகமான ஷாட் முடிந்ததும் அதன் அழுத்தம் இறங்கியிருக்கும், கடைசி அழுத்தம் ஷாட் வேகத்தைப் பொறுத்து ஆடும். எளிமைக்கும் ஒரு எல்லை உண்டு.

திராட்டில் இரண்டும் போகட்டும். எவ்வளவு திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஸ்ட்ரோக் லிமிட்டர் உள்ள கார்ட்ரிட்ஜ் வால்வே (பிளாக்கின் துளைக்குள் செருகும் பெரிய வால்வு) திராட்டில் வேலையையும் பார்க்கும். ஆக மிச்சம்: ஒரு மேனிஃபோல்டு பிளாக், அதில் நுழைவுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், வெளியேற்றத்துக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், பிஸ்டனைப் பின்னால் கொண்டுவர ஒரு சீடாப் 3 (சின்ன சைஸ்) சாலனாய்டு வால்வு, ஷாட் சிலிண்டரை ஒட்டி ஒரு செக் வால்வு. பிளாக்கை சிலிண்டர் மேலேயே போல்ட் போட்டு வையுங்கள். வேகமான ஷாட் ஆரம்பிக்கும்போதே நுழைவு திறந்து பிஸ்டனுக்குப் பின்னால் அழுத்தம் நிற்கும், டிரிகர் (பூஸ்டரைப் பாயச் சொல்லும் சிக்னல்) வந்ததும் வெளியேற்றம் திறந்து பிஸ்டன் பாயும். ஹோல்டிங் முடிந்ததும் இரண்டும் மூடி, சீடாப் வால்வு பின்பக்கத்தை டேங்குக்கு விட்டு முன்பக்கம் எண்ணெய் தரும்.

படி 4: வெளியேற்றம்

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டதும் இங்கேதான். அழுத்தம் மெதுவாக ஏறினால் உடனே நைட்ரஜன் குறைவு என்பார்கள், ரெடியூசிங் வால்வை முறுக்குவார்கள். அழுத்தம் கூடும், ஆனால் ஏறும் நேரம் பெரிதாக மாறாது. பின்னாலிருந்து எவ்வளவு தள்ளினாலும் முன்னால் இருக்கும் எண்ணெய் விலகினால்தானே பிஸ்டன் நகரும்?

கணக்குப் போடுங்கள். 350 மிமீ ஸ்ட்ரோக்கில் ஷாட் சிலிண்டருக்குள் 2.75 லிட்டர் எண்ணெய். எண்ணெய் 100 பாருக்குச் சுமார் 0.7 சதவீதம் அமுங்கும். 120-லிருந்து 235-க்கு, அதாவது 115 பார் ஏற்ற 22 மில்லி வேண்டும். பிளஞ்சர் இன்னும் 8 மிமீ போக 63 மில்லி. மொத்தம் 85, அதாவது இன்டென்சிஃபயர் 11 மிமீ நகர வேண்டும். அந்த 11 மிமீக்கு வளையப் பக்கத்திலிருந்து (பெரிய பிஸ்டனின் முன்னால், சின்ன முனையைச் சுற்றியுள்ள இடம்) 83 மில்லி வெளியேற வேண்டும். இத்தனூண்டுதானா என்று தோன்றும். ஆனால் கேட் (உலோகம் பாகத்துக்குள் நுழையும் குறுகிய வாய்) உறைவதற்குள், 30 மில்லிசெகண்டில் வெளியேற வேண்டும் என்றால் அது நிமிடத்துக்கு 166 லிட்டர். எங்கள் மெஷினில் இந்த வேலையை அரை இஞ்ச் ஹோஸும் ஒரு சீடாப் 3 வால்வும் செய்துகொண்டிருந்தன. அந்த வால்வின் உச்சமே 80 லிட்டர். அரை இஞ்ச் ஹோஸில் எண்ணெய் வினாடிக்கு 22 மீட்டர் ஓட வேண்டும், அது நடக்காத காரியம். 25 சைஸ் கார்ட்ரிட்ஜ், ஒரு இஞ்ச் லைன் என்று மாற்றியதும் வேகம் வினாடிக்கு 5.5 மீட்டருக்கு வந்துவிட்டது.

இன்னொன்று, இது பாதுகாப்பு விஷயம். வளையப் பக்கம் மூடியிருக்கும்போது அங்கே 120 பார் இல்லை. பெரிய முகத்தின் பரப்பு 154 சதுர செமீ, வளையம் 75 மட்டுமே, அதனால் 245 பார் வரை போகும். ஒரு இஞ்ச் இரண்டு அடுக்குக் கம்பி ஹோஸ் 165 பாருக்குத்தான். பிளாக்கை நேராக சிலிண்டரில் வைக்கச் சொன்னது இதனால்தான். முடியாவிட்டால் நாலு அடுக்குக் கம்பி உள்ள 4எஸ்பி ஹோஸ் போடுங்கள்.

படி 5: டிரிகர்

பிளஞ்சர் வந்திருக்கும் இடத்தை ஸ்கேலில் அளந்து பூஸ்டரைத் தட்டிவிடும் பொசிஷன் டிரிகரை எழுதுகிறவர்கள் எல்லோரும் புகழ்வார்கள். ஆட்டோ லேடில் (உலோகத்தை அளந்து தானாக ஊற்றும் கரண்டி) இருந்தால் சரி. கையால் ஊற்றும் இடத்தில் பிஸ்கட் தடிமன் ஒரு ஷாட்டுக்கு 15 மிமீ, அடுத்ததுக்கு 25. ஸ்கேலை நம்பினால் சில ஷாட்டில் டை நிரம்பும் முன்பே பூஸ்டர் பாய்ந்து ஸ்ட்ரோக்கைத் தீர்த்துவிடும். அதனால் கை லேடிலுக்கு பிரஷர் சென்சார் டிரிகர்தான் என் கட்சி. ஆனால் சாதாரண பிஎல்சி (மெஷினின் கன்ட்ரோலர்) ஸ்கேனில் விடாதீர்கள், ஒரு ஸ்கேனுக்கே 10, 20 மில்லிசெகண்ட் போய்விடும். வேகமான இன்டரப்ட் இன்புட் வேண்டும்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

கிளிசரின் கேஜை வைத்துப் பூஸ்டர் செட் செய்ய முடியாது, முள் எழுந்திருப்பதற்குள் கேட் உறைந்துவிடும். 0-400 பார் சென்சார் ஒன்றும் மலிவான யூஎஸ்பி ஸ்கோப்பும் வாங்குங்கள். புது வால்வுக்கு முன்னால் இதை வாங்கலாம். ஸ்ட்ரோக் லிமிட்டரை முக்கால்வாசி மூடி ஆரம்பித்து, ஸ்கோப்பில் அழுத்தக் கோடு செங்குத்தாகும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். ஃபிளாஷ் தலைகாட்டினால் கால் சுற்று திரும்ப மூடுங்கள்.

கோடு தாமதமாக எழுந்தால் டிரிகரைப் பாருங்கள். சாய்வாக எழுந்தால் வெளியேற்றம். எழுந்து பிறகு தொய்ந்தால் செக் வால்வு சீட்டில் தூசி, இல்லையென்றால் பிஸ்டன் சீல் போயிருக்கும். எட்ட வேண்டிய அழுத்தத்தை எட்டாமல் தட்டையாக நின்றால் பிஸ்டன் கடைசி வரை போய் முட்டிவிட்டது. பெரும்பாலும் எண்ணெயில் காற்று, மேல் பிளீடைத் திறந்து விடுங்கள்.

பின்சேர்க்கை: டிரிகர் வரும் முன்பே பூஸ்டர் தானாகப் பாய்கிறது என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். வெளியேற்ற கார்ட்ரிட்ஜை மூடி வைக்கும் பைலட் எண்ணெயை அவர் பம்ப் லைனிலிருந்து எடுத்திருக்கிறார். கீழே வளையப் பக்கத்தின் 245 பார், மேலே பம்பின் 140 பார் இருந்தால் பல கார்ட்ரிட்ஜ்கள் தூக்கிக்கொண்டு திறந்துவிடும். பைலட்டை வளையப் பக்கத்திலிருந்தே எடுங்கள், எவ்வளவு ஏறினாலும் மூடியே இருக்கும். பதிவில் இதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

இன்னொருவருக்கு சீல் அடிக்கடி பிசுபிசுத்துப் போகிறதாம். அவர் மெஷினில் ஓடுவது வாட்டர் கிளைகால். உருகிய உலோகத்துக்குப் பக்கத்தில் எளிதில் தீப்பிடிக்காத அந்தத் திரவம் நல்லதுதான், ஆனால் சாதாரண பாலியூரித்தேன் சீல் அதில் தாங்காது. நைட்ரைல் சீல் போடுங்கள், துத்தநாகம் பூசிய ஃபிட்டிங் உள்ளே எங்கேயாவது இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.