ரோஜா மணக்கும் ஜெரேனியம்: குச்சியிலிருந்து தொட்டி வரை

கோத்தகிரியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு நர்சரியில்தான் இந்தச் செடியை முதன்முதலில் தொட்டேன். பூ ஒன்றுகூட இல்லை. ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக, மேலே மெல்லிய ரோமத்தோடு சாம்பல் பச்சை இலைகள். விரல் பட்டதுதான் தாமதம், பன்னீர் தெளிக்கும் கல்யாண வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. வாங்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்து துளசிக்குப் பக்கத்தில் வைத்தேன். துளசிக்கு ஊற்றும்போதெல்லாம் இதற்கும் ஒரு சொம்பு. பதினைந்தாம் நாள் அடித்தண்டு கறுத்துக் கூழாகிவிட்டது. அடுத்து வாங்கிய இரண்டும் கிட்டத்தட்ட அதே வழியில் போயின. நான்காவது செடி ஐந்து வருடமாக இருக்கிறது. அதற்கு நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் பெயர். நர்சரியில் 'ஜெரேனியம்' என்று கேட்டால் சிவப்புப் பூங்கொத்து உள்ள செடியைக் காட்டுவார்கள். அது வேறு. 'ரோஸ் ஜெரேனியம்' அல்லது 'வாசனை ஜெரேனியம்' என்று கேளுங்கள். தாவரவியல்படி இவை எல்லாமே பெலார்கோனியம் என்ற பேரினம். 1753இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் இவற்றை ஜெரேனியத்தோடு சேர்த்து வைத்தார். 1789இல் பிரித்துவிட்டார்கள், ஆனால் பழைய பெயர் கடைகளில் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலான இனங்களுக்குத் தாயகம் தென்னாப்பிரிக்கப் பக்கம். நமக்கும் இது முற்றிலும் அந்நியமில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ஏற்காட்டில் இதைப் பயிரிட்டார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தைலத்துக்காக வளர்ப்பதுண்டு.

எலுமிச்சை, புதினா, ஆப்பிள், ஜாதிக்காய் வாசனைகளிலும் வகைகள் இருக்கின்றன. சமவெளியில் இருப்பவர்கள் ரோஜா வாசனை வகையிலேயே தொடங்குங்கள், தாக்குப்பிடிப்பது அதுதான். புதினா வாசனை உள்ளது வெல்வெட் மாதிரி அழகான இலைக்காரி, ஆனால் எங்கள் ஊர் சித்திரையை அது தாண்டவில்லை. இன்னொன்று: இதே இனத்தை 'கொசுச்செடி' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். செடி சும்மா தொட்டியில் நிற்பதால் கொசு விலகுவதில்லை, சோதனை செய்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். என் செடியின் இலைமேலேயே கொசு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தொட்டியும் மண்ணும்

எட்டு அங்குல மண் தொட்டி போதும். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும், அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும். பிளாஸ்டிக் தொட்டிதான் கையில் இருக்கிறது என்றால் அடியில் நான்கைந்து ஓட்டைகளாவது இருக்கட்டும்.

செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் கழுவித் தூசியைப் போக்கிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கலந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் வழிய ஆரம்பிக்க வேண்டும். மேலேயே குளம் கட்டினால் இன்னும் மணல் சேருங்கள்.

இடம்

காலை வெயில் நான்கு மணி நேரம், மதியத்துக்கு மேல் நிழல். கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் கவலையே இல்லை. ஊட்டி, குன்னூரில் இருப்பவர்கள் நாள் முழுக்க வெயிலில் வைக்கலாம், அவர்களைப் பார்த்துப் பொறாமைதான் படமுடியும். வெயில் போதாவிட்டால் தண்டு கொடி மாதிரி நீளும், வாசனையும் மங்கும்.

தண்ணீர்

இதில்தான் நான் மூன்று செடி தோற்றேன். இதைத் துளசியின் தங்கையாக நினைக்காதீர்கள், கற்பூரவல்லியின் அக்காவாக நினையுங்கள். கொஞ்ச நாள் காய்ந்து கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும், எப்போதும் நனைந்து கிடந்தால் போய்விடும்.

ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடியில் வழியும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் எனக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். மார்கழியில் ஐந்தாறு நாள்கூட ஆகும். நாள் கணக்கை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். ரோம இலை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே மண்ணில்தான் ஊற்ற வேண்டும், தலையில் அல்ல.

ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். மே மாத மதியத்தில் இலைகள் தொங்கும். உடனே சொம்பைத் தூக்காதீர்கள். மண் ஈரமாக இருந்தால் அது வெயில் சோர்வு, சாயங்காலம் தானாக நிமிரும். நிமிராமல், தண்டும் அடியில் கறுத்திருந்தால் அது வேரழுகல். அதற்கு வைத்தியம் கிடையாது. நுனியில் நல்ல கிளை இருந்தால் வெட்டி நட்டுக்கொண்டு, மண்ணைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த மண்ணில் அடுத்த ஜெரேனியத்தை வைக்கவே கூடாது.

ஐப்பசி அடைமழைக்குத் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் இழுத்துவிடுவேன்.

கிள்ளுதலும் உரமும்

செடி ஆறு அங்குலம் வளர்ந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளுங்கள். மனசு வராதுதான். கிள்ளினால் கீழே இரண்டு கிளை கிளம்பும், அப்போதுதான் புதர் மாதிரி அடரும். மழைக்காலம் முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்துவிடலாம். இலையே இல்லாத மொட்டைக் கட்டை வரை வெட்டாதீர்கள், பல நேரம் அது துளிர்ப்பதில்லை.

உரம் கொஞ்சமாகப் போதும். மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை பெருக்கும், வாசனை குறையும்.

குச்சி நடுவது

இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஏனென்றால் சமவெளியில் எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு கோடையில் தாய்ச்செடி போகலாம். நான் மாசி மாதத்திலேயே நான்கு குச்சி நட்டு வைத்துவிடுவேன். 'ஐந்து வருடச் செடி' என்று மேலே சொன்னேனே, உண்மையில் அது அந்தச் செடியின் பேத்தி.

பூக்காத, ரொம்பப் பிஞ்சும் இல்லாத, முற்றிக் கட்டையாகவும் ஆகாத கிளையில் நான்கு அங்குலம் எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான பிளேடால் வெட்டுங்கள், கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். மேலே இரண்டு மூன்று இலைகளை விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். அப்புறம்தான் முக்கியமான வேலை: உடனே நடாமல் நிழலில் மூன்று நான்கு மணி நேரம் சும்மா போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டினால் அழுகல் குறையும்.

ஓட்டை போட்ட டீ கப்பில் பாதி மணல், பாதி கோகோபீட். பென்சிலால் குழி போட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செருகி, ஒருமுறை தண்ணீர் விட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். மற்ற குச்சிகளுக்குச் செய்வதுபோல பாலிதீன் பை போட்டு மூடாதீர்கள், உள்ளே புழுங்கி அழுகும். கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் புதுத் துளிர் வரும். லேசாக இழுத்துப் பாருங்கள், வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டால் வேர் விட்டாயிற்று.

பூச்சி

இலையின் அடியில் வெள்ளை ஈ, கணுவில் மாவுப்பூச்சி. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டுப் பாத்திர சோப்பு, சாயங்காலம் தெளித்தால் போதும். நாய், பூனை வளர்ப்பவர்கள் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

இலையை என்ன செய்வது?

தைலம் காய்ச்சும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு கிலோ தைலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் பச்சை இலை வேண்டும். மருந்து தெளிக்காத, ரோஜா வாசனை வகையின் இலை நான்கைப் பறித்துக் கழுவி, ஈரமே இல்லாமல் துணியில் உலர்த்தி, சர்க்கரை டப்பாவில் நடுநடுவே புதைத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து இலையை எடுத்துவிட்டு அந்தச் சர்க்கரையைப் பால் பாயசத்துக்குப் போடலாம். நான்கு இலைக்கு மேல் வேண்டாம். ஒருமுறை ஆசைப்பட்டுப் பத்து இலை போட்டேன். வீட்டில் எல்லோரும் மரியாதைக்காக ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, குளியல் சோப்பு எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்கள்.