பொன்னியின் செல்வனைப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பது எப்படி?

என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கினோம். முதல் முயற்சி ஆறாம் அத்தியாயத்தோடு நின்றுபோனது. மறுபடி எடுத்தபோது அதை எப்படித் தாண்டினோம் என்று எழுதுகிறேன்.

1. அச்சுப் புத்தகம் வாங்குங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனாலும் போனில் வேண்டாம்; இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் குனிந்து, ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். தனித்தனிப் பாகங்களாக வாங்கினால் பிள்ளையின் மடி தாங்கும்.

2. ஒரு நாளைக்கு ஒரே அத்தியாயம். 1950-ல் தொடங்கி வாராவாரம் தொடராக வந்த கதை. "இன்னும் ஒண்ணும்மா" என்று கெஞ்சினாலும் மூடிவிடுங்கள்.

3. வர்ணனையை நீங்கள் வாசியுங்கள், பேச்சைப் பிள்ளை வாசிக்கட்டும். முதல் அத்தியாயத்தில் வீரநாராயண ஏரியின் எழுபத்துநான்கு கணவாய்கள் வரும். என் மகள் மலைக் கணவாய் என்று நினைத்து, ஏரிக்கரையில் மலை எங்கே என்று தேடினாள். அங்கே கணவாய் என்றால் மதகு. இப்படிப் பொருள் மாறும் சொல்லுக்கு மட்டும் நிறுத்துங்கள். தெரியாத சொல்லுக்கெல்லாம் நிறுத்தினால், ஏரிக்கரையில் வரும் கதாநாயகன் வந்தியத்தேவனின் குதிரை நகராது.

4. இனி ஆறாம் அத்தியாயம், கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டம். வந்தியத்தேவன் ஒளிந்திருந்து கேட்கிறான். சோழ நாட்டுத் தனாதிகாரி பழுவேட்டரையர், அடுத்த பட்டம் யாருக்கு என்று பேசுகிறார். பராந்தகர், கண்டராதித்தர், அரிஞ்சயர் என்று பெயராகக் கொட்டும். நான் விஜயாலயரிலிருந்து வம்சம் முழுவதையும் விளக்கினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

இரண்டாம் முறை, ஒரு சார்ட் தாளில் நம் வீட்டு முறையிலேயே போட்டோம். பராந்தகர் கொள்ளுத்தாத்தா. அவர் மூத்த மகன் ராஜாதித்தர் தக்கோலப் போரில் இறந்துவிட்டார். அடுத்தவர் கண்டராதித்தர், அவர் மகன் மதுராந்தகன். அவருக்கு இளையவர் அரிஞ்சயர், அவர் மகன்தான் கதையில் இப்போது அரசராக இருக்கும் சுந்தர சோழர், அவர் பிள்ளைகள்தான் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. மதுராந்தகன் கரிகாலனுக்குச் சித்தப்பா முறை என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ராஜ்யம் சித்தப்பாவுக்கா, அண்ணன் பையனுக்கா?" கூட்டத்தில் பேசுவதும் அதைத்தான். அன்று அத்தியாயத்தை அவளே இரண்டாம் முறை வாசித்தாள்.

பின்சேர்க்கை: தமிழ் எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கும் பிள்ளை என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டிருந்தார். நீங்களே முழுவதும் வாசியுங்கள். சைவர்களோடு வாதாடும் வைணவரான ஆழ்வார்க்கடியான் பேச்சை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள். அவர் போடும் சண்டையில் வாய் தானாகத் திருந்தும்.

இன்னொன்று. சார்ட்டில் மற்றவர்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாம். மதுராந்தகன் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். காரணம் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது. பிள்ளையிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள்.