கிராஃப் தியரியில் பிஎச்.டி.: எங்கே சறுக்குகிறார்கள்?

கிராஃப் என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்; அவற்றை ஆராயும் கணிதம் கிராஃப் தியரி. அதில் ஒரு கேள்வி புரிய ஐந்து நிமிடம் போதும். எம்.எஸ்சி. முடித்த கையோடு பலர் இதற்குள் வருவது அதனால்தான், சறுக்குவதும் அதனால்தான்.

பெரிய சறுக்கல் லேபிளிங். நான்கு புள்ளிகளை வரிசையாகக் கோடு போட்டு இணைத்து, 0, 3, 1, 2 என்று எண் கொடுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 2, 1. 0 முதல் கோடுகளின் எண்ணிக்கை வரையிலான எண்கள்தான் கொடுத்தோம்; எண்களிலும் வித்தியாசங்களிலும் எதுவும் திரும்ப வரவில்லை. இதுதான் கிரேஸ்ஃபுல் லேபிளிங். சுற்று இல்லாமல் இணைந்திருக்கும் கிராஃப்களை ‘மரம்’ என்பார்கள். எல்லா மரங்களுக்கும் இப்படி எண் கொடுக்க முடியுமா? அலெக்சாண்டர் ரோசாவின் 1967 கட்டுரையிலிருந்து கிளம்பிய கேள்வி, இன்னும் தீரவில்லை. அதை நேராகத் தொடுபவர்கள் குறைவு. ஏற்கெனவே எண் கொடுத்த கிராஃபில் ஒரு வால் ஒட்டி ஒரு கட்டுரை, இரண்டு வால் ஒட்டி இன்னொன்று என்று ஓட்டுபவர்கள்தான் அதிகம். ஜோசப் கேலியன் தொகுத்த லேபிளிங் பட்டியலில் 3000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. அதில் இன்னொன்றாக நுழைவது கஷ்டமில்லை. வைவாவில் (பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில்) “ஏன் இந்த கிராஃப்?” என்று கேட்கும்போதுதான் கஷ்டம். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அங்கே போகாதீர்கள்.

அப்புறம், சின்ன கிராஃப்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு யூகத்தை நம்பிவிடுவது. கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் வரையக்கூடிய, புள்ளிக்கு மூன்று கோடு உள்ள, எந்த இரண்டு புள்ளிகளை நீக்கினாலும் துண்டாகாத கிராஃபில், எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை மட்டும் தொட்டுத் திரும்பும் சுற்று உண்டு என்றார் டெய்ட், 1884-இல். 1946-இல் டட் 46 புள்ளிகளில் எதிர் உதாரணம் காட்டினார். பின்னால் 38 புள்ளிகளிலும் கிடைத்தது; அதைவிடச் சிறியது கிடையாது. ஆக, 36 வரை ஓட்டியிருந்தாலும் யூகம் சரியென்றே தோன்றியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பாதி வழியில் சந்தேகப்பட்டு விட்டுவிடுவது. சிக்கிய படிக்கு எதிர் உதாரணம் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் மறுபடி நிரூபிக்கப் பாருங்கள். கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு வேறு வேறு நிறம் பூச வேண்டும். ஒன்றோடொன்று முழுதாக இணைந்த மிகப் பெரிய கூட்டத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை நிறமே போதும், எந்தப் புள்ளிகளை நீக்கினாலும் அப்படியே என்றால் அது பெர்ஃபெக்ட் கிராஃப். அதில் கோடு உள்ள இடங்களில் நீக்கி, இல்லாத இடங்களில் போட்டாலும் பெர்ஃபெக்டாகவே இருக்கும் என்பது பெர்ஜின் யூகம். அதில் ஃபுல்கர்சனுக்கு மிச்சமிருந்தது ஒரே படி. பெர்ஃபெக்ட் கிராஃபில் ஒரு புள்ளிக்கு நகல் (அதே இணைப்புகளோடு, அந்தப் புள்ளியோடும் இணைந்தது) சேர்த்தாலும் அது பெர்ஃபெக்டாகவே இருக்கும் என்று காட்ட வேண்டும். அது உண்மையாக இருக்காது என்று நினைத்துவிட்டார். லோவாஸ் நிரூபித்துவிட்டதாக பெர்ஜிடமிருந்து அஞ்சலட்டை வந்த பிறகு, சில மணி நேரத்தில் அதே படியை முடித்தார். தேற்றம் லோவாஸ் பெயருக்குப் போய்விட்டது.