பணம் போனால் முதல் போன் யாருக்கு?

கணக்கிலிருந்து யாரோ பணம் எடுத்துவிட்டால் வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு ஆட்டோ பிடிப்பது அப்புறம். முதலில் இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். உடனே வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில்தான். வெட்கப்பட்டுத் தாமதிக்காதீர்கள்.

திடீரென உங்கள் போனில் மட்டும் சிக்னல் செத்துவிட்டதா? உங்கள் எண்ணில் வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம்; இனி ஓடிபி அங்கேதான் போகும். வேறொரு போனிலிருந்து உங்கள் சிம் நிறுவனத்தை அழைத்து, சிம்மை முடக்கச் சொல்லுங்கள்.

ஜெராக்ஸ் கடை வாட்ஸப்புக்கு ஆதாரை அனுப்புவதானால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் பிரதியே போதும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பாருங்கள்.